ஃப்ரிட்ஜுக்குள் கிரையப் பத்திரம்

கொரட்டூரில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. மேலே கைப்பின்னல் விரிப்பு, அதன்மேல் பிள்ளையார். ஃப்ரிட்ஜ் ஓடாது. ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் பிளக்கைப் பிடுங்கி வச்சிருக்கேன்" என்றார் அத்தை.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறைத் தாண்டாமல் ஓட்டிவிட்டால் பில் பூஜ்யம். ஒரு ட்யூப் லைட், ஒரு ஃபேன், சாயங்காலம் ஒரு மணி நேரம் டிவி, மோட்டார் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. இந்தக் கணக்கில் ஃப்ரிட்ஜுக்கு இடமில்லை. அதனால் அது அலமாரியாகிவிட்டது. மேல் தட்டில் ரேஷன் துவரம்பருப்பு டப்பா, நடுத்தட்டில் பிரஷர் மாத்திரை, கீழே காய்கறி வைக்கும் ட்ரேயில் பச்சை ரெக்சின் பை ஒன்று. பைக்குள் வீட்டின் கிரையப் பத்திரம். கரையான் ஏறாத ஒரே இடம் அதுதான் என்பது அத்தையின் கண்டுபிடிப்பு.

அந்தப் பத்திரத்தில் இருப்பது 1,200 சதுர அடி. அரை கிரவுண்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மாமா 1988-இல் வாங்கியது. முதலில் ஒரு அறையும் சமையற்கட்டும், பெரியவள் பெரிய மனுஷியானபோது ஒரு அறை, போனஸ் வந்த வருஷம் கூடம் என்று வீடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. இன்று தெருமுனை புரோக்கர் சதுர அடி 8,500 என்கிறார். கட்டடத்துக்கு அவர் பைசா போடவில்லை. மண்ணுக்கு மட்டுமே ஒரு கோடியே இரண்டு லட்சம்.

அந்தக் கோடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் 72 வயது அத்தையின் கைக்கு மாதாமாதம் வருவது எவ்வளவு? மாமாவின் பி.எஃப். கணக்கிலிருந்து குடும்ப ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம். பி.எஃப். பிடிக்கும் தொழிலாளிகளுக்கான இபிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள், தனியார் கம்பெனித் தொழிலாளிகளின் விதவைகளில் ஏராளமானோர் அந்த ஆயிரத்தை ஒட்டியே நிற்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000. ரேஷனில் ஒரு ஆள் கார்டுக்கு 12 கிலோ அரிசி இலவசம். பிள்ளைகள் அனுப்பினால் உண்டு, அனுப்பாவிட்டால் அத்தை கேட்கமாட்டார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிட வேண்டிய மாத்திரையை ராத்திரிக்கு மட்டும் என்று அவரே குறைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லிக் குறைத்ததாக எங்களிடம் கதை.

இதை வறுமை என்று சொன்னால் தெருவில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சொந்த வீட்டுக்காரம்மா அல்லவா. முதியோர் உதவித்தொகைக்கு மனு போடலாமா என்று விசாரித்தபோதும் அதே பதில்தான், வேறு வார்த்தையில். அந்தத் தொகை ஆதரவற்றவர்களுக்கு, கோடி ரூபாய் மனையில் இருப்பவர் எப்படி ஆதரவற்றவர்? நியாயமான கேள்விதான். ஆனால் மனையைச் சுரண்டி உலையில் போட முடியாதே.

இங்கேதான் எனக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் ஞாபகம் வந்தது. தலைகீழ் அடமானம். 2007 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்து, தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறை வகுத்து, பல வங்கிகள் கொண்டுவந்த திட்டம். 60 வயது தாண்டியவர் தன் வீட்டை அடமானம் வைப்பார், வங்கி மாதாமாதம் அவருக்குப் பணம் கொடுக்கும். இஎம்ஐ கிடையாது. அவரும் துணையும் உயிரோடு இருக்கும்வரை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. காலத்துக்குப் பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் வங்கி விற்று, கடன் போக மீதியை வாரிசுகளிடம் கொடுக்கும். கடன் வீட்டு விலையைத் தாண்டிப் போயிருந்தாலும் பிள்ளைகள் கையிலிருந்து ஒரு பைசா கேட்கக் கூடாது. கைக்கு வரும் பணத்துக்கு வருமான வரியும் இல்லை.

அத்தையிடம் சொன்னேன். "நான் கட்டாம பாங்க் எனக்குக் கட்டுமா? எதுக்கு?" என்று சந்தேகமாகப் பார்த்தார். கடன் என்ற சொல் வந்ததுமே முகம் சுருங்கியது. மாமா கடைசித் தவணை கட்டிய அன்று வடை பாயசத்தோடு சமைத்த வீடு அது. இருந்தாலும் கிளம்பினார். பச்சைப் பையை மடியில் வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம்கூட உட்காராமல் வந்தார். ஜன்னல் வழியாக யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களாம்.

வங்கி மேனேஜர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்கம்மா" என்றார். ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்றதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, கம்ப்யூட்டரில் சர்க்குலரைத் தேட ஆரம்பித்தார். "என் சர்வீஸ்ல இந்த லோன் ஒண்ணுகூடப் போட்டதில்லைங்க. கேட்டுக்கூட யாரும் வந்ததில்லை" என்று சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வட்டி மாதாமாதம் வராத, அசல் எப்போது திரும்பும் என்று தெரியாத, கடன்காரர் சீக்கிரம் இறந்தால்தான் சீக்கிரம் முடிகிற ஒரு கடனை எந்தக் கிளையாவது ஆசையாகக் கூவி விற்குமா?

கணக்கை நானே போட்டுப் பார்த்திருந்தேன். வீட்டை ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். வங்கி முழு மதிப்புக்கும் கொடுக்காது, 60 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். வட்டி பத்தரை சதவீதம், காலம் 15 வருஷம். 15 வருஷ முடிவில் வட்டியோடு சேர்ந்து கடன் 60 லட்சத்தைத் தொடவேண்டும் என்றால், மாதாமாதம் கொடுக்க முடிவது ஏறக்குறைய 13,800 ரூபாய். அத்தை கைக்கு வந்து சேர்வது மொத்தம் 25 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதி 35 லட்சம் வட்டி, வட்டிக்கு வட்டி. இதைக் கேட்டதும் குடும்பத்தில் எல்லோரும் அலறினார்கள். கோடி ரூபாய் வீட்டுக்குப் பதினாலாயிரமா, கொள்ளை! எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாயிரத்தில் ஓடும் வீட்டில் பதினாலாயிரம் என்றால், இரண்டு வேளை மாத்திரை இரண்டு வேளையும் விழும், வேலைக்கு ஆள் வைக்கலாம், ஃப்ரிட்ஜும் ஓடும். 35 லட்சம் வட்டி வலிக்கப்போவது வாரிசுகளுக்கு. அலறியவர்கள் யார் என்று பார்த்தாலே புரியும்.

அத்தைக்கு உறுத்தியது வேறு. "பதினஞ்சு வருஷம் கழிச்சு?" என்றார். பணம் நின்றுவிடும், வீட்டில் இருக்கலாம் என்றேன். "அப்போ எனக்கு 87. எங்கம்மா தொண்ணூத்தி நாலு இருந்தா." திட்டத்தின் பெரிய ஓட்டையை ஒரே வரியில் பிடித்துவிட்டார். நம் நாட்டு விதிப்படி பணம் கொடுக்கும் காலம் அதிகபட்சம் 20 வருஷம். ரொம்ப நாள் உயிரோடு இருந்துவிடுவோமோ என்பதுதான் தனியாக இருக்கும் கிழவிக்குப் பெரிய பயம், சரியாக அந்த இடத்தில்தான் இத்திட்டம் கையை விடுகிறது. ஆயுள் முழுக்கக் கொடுக்கும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனியை இணைத்து இன்னொரு வகையும் பிறகு வந்தது. மேனேஜரின் சர்க்குலரில் அது இல்லை.

இதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் மேனேஜர் பையைப் பிரித்தார். கிரையப் பத்திரத்தில் பெயர் மாமாவுடையது. "உயில் எழுதியிருக்காரா?" இல்லை. "பிள்ளைங்க எத்தனை பேர்?" மூன்று. மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, இந்த வீடு உங்களோடது இல்லீங்க. உங்களோடது நாலுல ஒரு பங்கு."

அத்தை என்னைப் பார்த்தார். நான் சர்க்குலரைப் பார்த்தேன்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் போன ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய், எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்கும் பங்கு கொடுத்த நல்ல சட்டம், அதில் எனக்குக் குறையே கிடையாது. ஆனால் புருஷன் போனபிறகு அந்த வீட்டில் மிஞ்சி நிற்பவளுக்குக் கால்பங்கு. வங்கிக்கு வேண்டியதோ வில்லங்கமில்லாத முழு உரிமை, அதுவும் தானாகச் சம்பாதித்த வீடு என்கிறது விதி. நாட்டில் தனியாக, கையில் காசில்லாமல், சொந்த வீட்டில் இருக்கும் வயதானவர்கள் பெரும்பாலும் யார்? விதவைகள். அவர்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில்? செத்துப்போன புருஷன் பெயரில். திட்டம் யாருக்கு ரொம்பத் தேவையோ, வாசலிலேயே அவர்களைத் தடுத்துவிடுகிறது. வாரிசுகளுக்கு இதில் பிடிப்பில்லை, வீட்டின்மேல் பாசம், கடன் என்றால் பயம் என்று தலைகீழ் அடமானம் இங்கே எடுபடாததற்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பாசமும் பயமும் பேச்சுக்கு வருவதற்கு முன்பே, பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே கதை முடிந்துவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பத்திரத்தைப் படித்தேன். பழைய பத்திரத் தமிழ் எனக்குப் பிடிக்கும். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று இருந்தது. மகன், பேரன், அவன் பிள்ளை என்று நீளும் வரிசை. அந்த மனைக்குக் கட்டிய பணத்தில் பாதி அத்தையின் இரட்டை வடச் சங்கிலி. சங்கிலிக்குப் பத்திரத்தில் இடம் இல்லை. வாங்கும்போதே இரண்டு பேர் பெயரையும் போட்டிருக்கலாம், செலவு எதுவும் கூடியிருக்காது. இல்லாவிட்டால் மாமா ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சாட்சி வைத்து உயில் எழுதியிருந்தாலும் போதும். மாமாவுக்கு அத்தைமேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வரும் என்று நம்பியவர், அவ்வளவுதான்.

கொரியாவில் இதே சிக்கல் எப்படித் தீர்ந்தது என்று பிறகு படித்தேன். தென்கொரியா பணக்கார நாடு, ஆனால் அங்கே வயதானவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். வளர்ந்த நாடுகளில் இது மிக மோசமான நிலை. அவர்களிடமும் காசு இல்லை, வீடு உண்டு. நம் பட்ஜெட் அறிவிப்பு வந்த அதே 2007-இல்தான் அவர்களும் வீட்டு ஓய்வூதியம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இங்கே வங்கிகளிடம் விட்டுவிட்டோம். அங்கே அரசின் வீட்டுவசதி நிதிக் கழகமே ஜாமீன் நின்றது. புருஷன் பெண்டாட்டி இருவரில் கடைசியாகப் போகிறவர் போகும்வரை மாதப் பணம் நிற்காது, வீட்டு விலையைத் தாண்டிக் கொடுத்திருந்தாலும் அது கழகத்தின் தலைவலி. இப்போது ஒரு லட்சம் வீடுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

அங்கேயும் ஆரம்பத்தில் கிழவிதான் மாட்டிக்கொண்டாள். வீடு புருஷன் பெயரில் இருந்து அவர் இறந்துவிட்டால், ஓய்வூதியம் மனைவிக்குத் தொடர பிள்ளைகள் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு பிள்ளை முறுக்கிக்கொண்டால் பணம் நின்றுவிடும். பிள்ளைகள் முறுக்கிக்கொள்வது கொரட்டூருக்கு மட்டும் உரியதல்ல போலிருக்கிறது. 2021-இல் விதியை மாற்றினார்கள். வீட்டை டிரஸ்ட் முறையில், அதாவது பொறுப்பாக வைத்திருக்கும்படி, கழகத்தின் பெயருக்கு மாற்றிவிட்டால், புருஷன் போனதும் ஓய்வூதியம் தானாக மனைவிக்கு வந்துவிடும். பிள்ளைகள் கையெழுத்து வேண்டாம்.

சரி, நமக்கு அந்த வசதி இல்லை. இருக்கும் வழி, மூன்று பிள்ளைகளும் தங்கள் பங்கை அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. மகள்கள் இருவரும் மறுநாளே சரி என்றுவிட்டார்கள். ஓசூரிலிருக்கும் மகன், "உனக்கு என்னம்மா குறை, நான் இருக்கேன்ல?" என்றான். அவனைக் கெட்டவனாக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷக் கடனில் ஒரு ஃப்ளாட் வாங்கி, சம்பளத்தில் பாதி இஎம்ஐ போகிறது. என்றைக்காவது கொரட்டூர் மனை வந்து தன்னைக் கரையேற்றும் என்று உள்ளூர ஒரு கணக்கு இருக்கும், இருக்கத்தானே செய்யும். மகன் வங்கிக்கு மாதாமாதம் கட்டலாம், அம்மா வங்கியிடமிருந்து மாதாமாதம் வாங்கக் கூடாது. சொல்லிக் காட்டவில்லை, எழுதிவிடுகிறேன்.

இன்னொரு பக்கம், அத்தையே மகனை ரொம்ப நெருக்க விரும்பவில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார், ஒரே வருஷத்தில் மாடிப்படிக்குக் கீழே போனார். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு இப்படிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி செய்கிறது, கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஊர்மிளா தீட்சித் வழக்கில், மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து தாய்க்கே வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "பெத்த பிள்ளை மேல கேஸா? வேணாம்மா" என்று மாடிப்படிக்குக் கீழேயே இருந்துவிட்டார். ஆகவே அத்தையின் கொள்கை, எழுதிக் கொடுக்கவும் கூடாது, எழுதி வாங்கவும் கெஞ்சக் கூடாது.

கடைசியில் வழி சொன்னது சின்ன மகள். வீட்டின் முன்பக்கம் ஒரு அறையும் தாழ்வாரமும் சும்மாதான் கிடக்கின்றன. அதை போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டால் என்ன? இத்தனை வருஷம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்றால், தோன்றியது, ஆனால் கக்கூஸ் ஒன்றுதான், அதுவும் பின்கட்டில். குடி வருகிறவர்கள் கூடத்தைக் கடந்து போகவேண்டும். ஒரு கக்கூஸ், குளிக்க இடம், தனி வாசல், சமையல் மேடை, எல்லாம் சேர்த்து மேஸ்திரி 1,80,000 கேட்டார். கோடி ரூபாய் மனை வைத்திருக்கும் 72 வயதுப் பெண்மணிக்கு இந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு எந்த வங்கியிலும் கடன் கிடைக்கவில்லை. வயது, வருமானம், பத்திரம், மூன்றும் இடித்தன. மகள்கள் நகையை வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

லீசுக்கு விடச் சொல்லித்தான் புரோக்கர் நச்சரித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒத்தி, சில இடங்களில் போக்கியம். ஐந்து லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொள்வது, வாடகை கிடையாது, காலம் முடிந்ததும் ஐந்து லட்சத்தையும் அப்படியே திருப்பித் தருவது. யோசித்தால் வீட்டு மதிப்பைக் கையில் காசாக்க நம்மவர்கள் எந்தச் சர்க்குலரும் இல்லாமல் கண்டுபிடித்த வழி அது. கொரியர்களிடமும் சோன்சே என்று ஏறக்குறைய இதே ஏற்பாடு உண்டு. ஆனால் ஐந்து லட்சத்தைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு 10,250 வரும், மாதக் கணக்கில் 3,400 சொச்சம். வாடகைக்கு விட்டால் 7,000. மேலும் மொத்தப் பணம் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம் வரும், திருப்பித் தரும் நாளில் அத்தை யாரிடம் போய் நிற்பார்? வாடகைக்கே விட்டோம்.

இப்போது புதுக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி குடியிருக்கிறது. 7,000-இல் 4,000 நகைக் கடனுக்குப் போகிறது, 3,000 அத்தைக்கு. இரண்டு வேளை மாத்திரை திரும்பியிருக்கிறது. ராத்திரியில் முன்பக்கம் யாரோ பேசும் சத்தம் கேட்பதே தெம்பாக இருக்கிறது என்கிறார், அதற்கு நான் கணக்குப் போடவில்லை. மீட்டர் ஒன்றுதான் என்பதால் சப் மீட்டர் வைத்திருக்கிறது. மாதம் முதல் தேதி அந்தப் பெண்ணிடம் அத்தை சட்டமாகச் சொல்லிவிட்டார். "முதல் நூறு யூனிட் என்னோடது. அதுக்கு மேல ஓடுறதுதான் உன்னோடது." மின் வாரியமே இதை ஒத்துக்கொள்ளுமா தெரியாது, அந்தப் பெண் ஒத்துக்கொண்டது.

பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். நானும் போயிருந்தேன். வெயிலில் வந்தவன் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தான், தண்ணீர் பாட்டில் எடுக்க. விளக்கு எரியவில்லை. பருப்பு டப்பா, மாத்திரை, கீழே பச்சைப் பை. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"இது எப்போலேருந்தும்மா ஓடல?"

"அது ஆச்சு ஏழு வருஷம். பானைல இருக்கு பாரு தண்ணி, ஜில்லுனு இருக்கும்" என்றார் அத்தை.